கேம் என்ஜினோடு ஏஐ உதவியாளரை இணைப்பது எப்படி: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனிலிருந்து சற்று உள்ளே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய குடியிருப்பில் இருக்கிறேன். வார இறுதியில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அவர்களுக்காக ஒரு சின்ன கேம் செய்ய ஆசைப்பட்டேன். மரத்தடியில் உதிரிப் பழங்கள் கிடக்கும், ஒவ்வொரு பழத்திலும் ஒரு தமிழ் எழுத்து இருக்கும், பொறுக்கிச் சேர்த்தால் ஒரு சொல் வரும்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஏஐ சாட்டில் கேள்வி கேட்பது, அது தந்த நிரலை நகலெடுத்து, கேம் உருவாக்கும் மென்பொருளான என்ஜினில் ஒட்டுவது, வந்த பிழையைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுவது. என் கேமில் எந்தக் காட்சியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஊகித்தே பதில் சொன்னது. ஒரு பழத்தைக் கூடையில் விழவைக்க இரண்டு இரவு போனது. உதவியாளரை என்ஜினோடு நேரடியாக இணைக்கலாம் என்று தெரிந்த பிறகு அந்த இணைப்பைச் சரிசெய்யவே நான்கு வார இறுதிகள் ஆயின. இணைப்பு கடினமானதில்லை. எந்த வழிமுறையிலும் சொல்லாத சின்னச் சின்ன விஷயங்கள்தான் நேரத்தைத் தின்றன. அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் உங்களுக்கு ஒரு சனிக்கிழமை போதும்.

1. எது எதோடு இணைகிறது

மூன்று துண்டுகள் உண்டு. ஒன்று, நீங்கள் பேசும் ஏஐ செயலி. இன்னொன்று, கேம் என்ஜின். இரண்டுக்கும் நடுவில் உங்கள் கணினியிலேயே ஓடும் ஒரு சிறு நிரல். அதை எம்சிபி சர்வர் என்பார்கள். எம்சிபி என்பது மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட திறந்த நெறிமுறை. மற்ற நிறுவனங்களும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டதால், இன்று ஒரு செயலிக்காகப் போட்ட சர்வரை நாளை வேறொரு செயலியோடும் பயன்படுத்தலாம்.

"கேமை ஓட்டிப் பார்" என்று சாட்டில் எழுதினால், செயலி நடுவில் உள்ள சர்வரிடம் சொல்லும், சர்வர் என்ஜினை ஓட்டும், வந்த பிழைச் செய்தியைத் திருப்பிக் கொண்டுவரும். இதில் ஒன்றைக் கவனியுங்கள். பிரௌசரில் திறக்கும் சாட் பக்கத்தாலோ கைப்பேசிச் செயலியாலோ உங்கள் கணினியில் ஓடும் சர்வரைத் தொடங்க முடியாது. கணினியில் நிறுவும் செயலி வேண்டும். இது தெரியாமல் முதல் வார இறுதி முழுக்க பிரௌசரிலேயே தேடிக்கொண்டிருந்தேன்.

2. எந்த என்ஜின்

கோடோவை எடுங்கள். ஆங்கிலத்தில் பெயரின் கடைசியில் 'டி' எழுத்து வரும், உச்சரிப்பில் வராது. தேடும்போது இது நினைவில் இருக்கட்டும்.

முதல் காரணம் இணைய வேகம். தோட்டப்புறத்தில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவர்களுக்கு யூனிட்டி என்ற இன்னொரு என்ஜினின் பல கிகாபைட் பதிவிறக்கமே ஒரு மாத டேட்டாவைக் குடித்துவிடும். அன்ரியல் அதைவிடப் பெரிது. கோடோ சில நூறு மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும், நிறுவவும் தேவையில்லை, சுருக்கி வைத்த ஜிப் கோப்பைப் பிரித்தால் ஓடும். எம்ஐடி என்ற திறந்த உரிமத்தில் வருவதால் விளையாட்டை விற்றாலும் யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டாம்.

அடுத்த காரணம் இந்த வேலைக்கே உரியது. கோடோவின் காட்சிக் கோப்புகள் வெறும் எழுத்தாகவே சேமிக்கப்படுகின்றன. உதவியாளரால் அவற்றை வாசிக்க முடியும், நீங்களும் அது என்ன மாற்றியது என்று கண்ணால் பார்க்கலாம்.

பள்ளியிலோ கல்லூரியிலோ யூனிட்டிதான் கற்றுத்தருகிறார்கள் என்றால் அதிலேயே இருங்கள். அதற்கும் எம்சிபி சர்வர்கள் உண்டு. யூனிட்டி பெர்சனல் 12 மாத வருமானம் 2 லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டாதவர்களுக்கு இலவசம். கீழே சொல்பவற்றில் பாதிக்கு மேல் அதற்கும் பொருந்தும்.

கோடோவில் சாதாரணப் பதிப்பு, டாட்நெட் பதிப்பு என்று இரண்டு இருக்கும். சாதாரணம் போதும். புது ப்ராஜெக்ட் தொடங்கும்போது ரெண்டரர் (காட்சியைத் திரையில் வரையும் பகுதி) எது என்று கேட்கும். பழைய மடிக்கணினி என்றால் 'கம்பாட்டிபிலிட்டி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகள் பிரௌசரில் விளையாட வேண்டுமானாலும் அதுதான் வேண்டும்.

3. கணக்குகளும் ஆவணங்களும்

அடையாள அட்டை நகல் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. மின்னஞ்சலும், எஸ்எம்எஸ் வரக்கூடிய கைப்பேசி எண்ணும் தயாராக இருக்கட்டும். லயத்துப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும், எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் உறுதிப்படுத்தும் எண் வந்து சேர்வதற்குள் அதன் காலம் முடிந்துவிடும். கணக்குத் திறக்கும் வேலையை மட்டும் டவுனில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயதைப் பாருங்கள். நான் பயன்படுத்தும் ஏஐ செயலி ஆந்த்ரோபிக்கின் கிளாட். கிளாட் கணக்குக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஐந்தாம் படிவத்தில் படிக்கும் தம்பி தங்கைகள் பொய்யான பிறந்த தேதி போட்டுத் திறக்காதீர்கள். கண்டுபிடித்தால் கணக்கு போய்விடும், அதோடு நீங்கள் பேசிச் சேர்த்த எல்லாம் போகும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் 13 வயதிலிருந்து கணக்குத் திறக்கலாம். விஎஸ் கோட் என்ற இலவச எடிட்டருக்குள், கிட்ஹப்பின் ஏஐ உதவியாளரான கோபைலட்டை வைத்து இதே எம்சிபி இணைப்பைச் செய்யலாம். அதற்கு இலவசத் திட்டமும் உண்டு, வரம்போடு.

பாலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ இருப்பவர்கள் கிட்ஹப்பின் மாணவர் சலுகைக்கு விண்ணப்பியுங்கள். இங்கே ஆவணம் முக்கியம். மாணவர் அட்டையில் கல்லூரியின் பெயரும் உங்கள் பெயரும் நடப்புத் தேதியும் தெளிவாகத் தெரிய வேண்டும். அட்டையில் தேதி இல்லையென்றால் அலுவலகத்தில் மாணவர் உறுதிக் கடிதம் கேட்டு வாங்குங்கள். கணக்கில் உள்ள பெயரும் ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். நம் பிள்ளைகளுக்கு இதில்தான் சிக்கல் வரும்: கணக்கில் செல்லப் பெயர், அட்டையில் தகப்பன் பெயரோடு முழுப்பெயர். முதலில் கணக்கில் பெயரைத் திருத்திவிட்டு விண்ணப்பியுங்கள். இருப்பிட அனுமதியும் கேட்கும் என்பதால் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த நேரத்தைவிட வளாகத்தில் இருக்கும்போது செய்வது நல்லது.

4. பணம்: எங்கே போகும், எங்கே போகக் கூடாது

முதல் மாதம் ஒரு காசுகூடச் செலவழிக்காதீர்கள். கோடோ இலவசம், நடுவில் ஓடும் சர்வர் இலவசம், கிளாட் டெஸ்க்டாப் செயலியை இலவசக் கணக்கோடு பயன்படுத்தலாம். இலவசக் கணக்கில் கொஞ்ச நேரம் வேலை செய்தால் வரம்பு வந்துவிடும், சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். பழகும் காலத்துக்கு அது போதும்.

அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் கிளாட்டின் ப்ரோ சந்தா மாதம் 20 அமெரிக்க டாலர். நம் ரிங்கிட்டில் எவ்வளவு என்பது அன்றைய மாற்று விகிதத்தைப் பொறுத்தது. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கான சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. அதையும், வங்கி பிடிக்கும் மாற்றுக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

நான் பணத்தைத் தொலைத்தது வேறு இடத்தில். 'ஏபிஐ கீ' வேண்டும் என்று எங்கோ பார்த்துவிட்டு, ஒரு நிறுவனத்தின் பக்கத்தில் முன்பணம் கட்டினேன். மாதச் சந்தா வேறு, ஏபிஐ வேறு. ஏபிஐ என்பது பயன்படுத்திய அளவுக்குத் தனியாகக் காசு வாங்கும் கணக்கு. டெஸ்க்டாப் செயலியோடு கோடோவை இணைக்க அது தேவையே இல்லை. கட்டிய பணம் அங்கேயே கிடக்கிறது. எந்த வழிமுறையிலாவது ஏபிஐ கீ கேட்டால், நிறுத்தி, அது எதற்கு என்று பாருங்கள்.

இன்னொன்று, அட்டை. மலேசிய வங்கி டெபிட் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பொதுவாக மூடியே இருக்கும். நாமே வங்கிச் செயலியில் போய்த் திறந்துவிட வேண்டும். "அட்டை ஏற்கப்படவில்லை" என்று வந்தவுடன் திரும்பத் திரும்ப முயலாதீர்கள், அட்டையே முடங்கலாம். பணம் கட்டி முடித்த பிறகு மறுபடி மூடிவிடுங்கள். சந்தா புதுப்பிக்கும் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

5. பதிவிறக்கம் செய்யும் வரிசை

கோடோ, நோட் ஜேஎஸ் (நடுச் சர்வரை ஓட்டுவது), கிட் (அடுத்த பகுதியில் சொல்கிறேன்), கிளாட் டெஸ்க்டாப். இந்த நான்கும் வேண்டும். உங்கள் வட்டாரத்தில் நாடி மையம் (அரசின் சமூக இணைய மையம்) இருந்தால் அங்கே போய்ப் பென்டிரைவில் இறக்கிக்கொண்டு வரலாம். மையத்துக் கணினியிலேயே இணைப்பைச் செய்ய முயல வேண்டாம், செயலி நிறுவ அனுமதி கிடைக்காமல் போகலாம். ஒவ்வொன்றையும் அதனதன் அதிகாரபூர்வப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

நோட் ஜேஎஸ்ஸில் 'எல்டிஎஸ்' என்று குறித்ததை எடுங்கள். நிறுவிய பிறகு கணினியை ஒருமுறை அணைத்துத் திறங்கள். பிறகு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து அதன் பதிப்பு எண்ணைக் கேட்டுப் பாருங்கள், எண் வந்தால் சரி. அதோடு வரும், சர்வரை நிறுவ உதவும் என்பிஎம் கட்டளைகளைப் பவர்ஷெல்லில் ஓட்டாதீர்கள். ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை என்று அது சிவப்பில் கத்தும், நாம் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயம் வரும். ஒன்றும் கெடவில்லை, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஓடும்.

ப்ராஜெக்ட்டை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ வைத்தால் பல கணினிகளில் அது ஒன்டிரைவோடு ஒத்திசைந்துகொண்டே இருக்கும். ஹாட்ஸ்பாட் டேட்டா கரையும், கோப்பு சில சமயம் பூட்டிக்கொள்ளும். சி டிரைவில் நேராக ஒரு ஃபோல்டர் போடுங்கள். ஃபோல்டர் பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். கேமுக்குள் தமிழ் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், ஃபோல்டர் பெயரில் மட்டும் வேண்டாம்.

6. இணைப்பதற்கு முன் கிட்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கிட் என்பது உங்கள் ப்ராஜெக்ட்டை அவ்வப்போது படம் பிடித்து வைக்கும் கருவி. உதவியாளர் கோப்புகளில் கைவைக்கப் போகிறது. அது தவறினால் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும்.

பழம் விழும் காட்சியைச் சீராக்கச் சொன்னபோது, நான் வரைந்து வைத்த பன்னிரண்டு எழுத்துப் பழங்களையும் தேவையில்லை என்று நினைத்து உதவியாளர் காட்சியிலிருந்து எடுத்துவிட்டது. கேம் பிழையில்லாமல் ஓடியது, அதனால் மறுநாள்தான் கவனித்தேன். அன்று கிட் இல்லை. மறுபடி ஒவ்வொன்றாக வைத்தேன். இப்போது ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு பதிவு, பின்னால் ஒரு பதிவு. அரை நிமிட வேலை. மாலையில் இடி மின்னலோடு மழை இறங்கி மின்சாரம் போகும் நாட்களிலும் இதுதான் காப்பாற்றுகிறது.

7. இணைப்பு

கோடோவுக்கான எம்சிபி சர்வர்கள் கிட்ஹப்பில் பல உண்டு. எல்லாம் ஆர்வலர்கள் எழுதியவை, கோடோ அமைப்பு வெளியிட்டவை அல்ல. அண்மையில் புதுப்பிக்கப்பட்டதா, உரிமம் குறிப்பிட்டிருக்கிறதா, பயனர்கள் சொன்ன குறைகளுக்குப் பதில் வந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். எடிட்டரைத் திறப்பது, கேமை ஓட்டுவது, நிறுத்துவது, பிழைச் செய்தியை வாசிப்பது, காட்சி உருவாக்குவது, அதில் நோட் (காட்சியின் ஓர் உறுப்பு) சேர்ப்பது. ஆரம்பத்துக்கு இவை இருந்தால் போதும்.

சர்வரை இறக்கி நிறுவும் கட்டளைகள் அதன் பக்கத்திலேயே இருக்கும். ஹாட்ஸ்பாட்டில் பத்து நிமிடம் எடுக்கலாம், நடுவில் மூடாதீர்கள். அப்புறம் கிளாட் டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸ் போய், 'டெவலப்பர்' பகுதியில் 'எடிட் கான்ஃபிக்' என்பதை அழுத்தினால் ஒரு ஜேசன் கோப்பு (அமைப்புகளை எழுத்தாக வைத்திருக்கும் கோப்பு) இருக்கும் ஃபோல்டர் திறக்கும். சர்வரின் பக்கத்தில் தந்திருக்கும் துண்டை அப்படியே நகலெடுத்து அந்தக் கோப்பில் ஒட்டி, இரண்டு பாதைகளை மட்டும் மாற்றுங்கள்: சர்வர் உங்கள் கணினியில் எங்கே இருக்கிறது, கோடோ எங்கே இருக்கிறது.

நான் விழுந்த குழிகள் எல்லாம் இந்த ஒரு கோப்பில்தான்.

விண்டோஸ் பாதைகளில் வரும் பின்சாய்வுக் கோட்டை ஜேசனில் இரண்டிரண்டாகப் போட வேண்டும். ஒற்றையாக விட்டால் முழுக் கோப்பும் செல்லாது. கடைசி வரிக்குப் பின்னால் ஒரு கமா மிச்சம் இருந்தாலும் அதே கதிதான்.

நோட்பேடில் 'சேவ் ஆஸ்' கொடுத்தால் பெயருக்குப் பின்னால் டெக்ஸ்ட் கோப்பின் வால் (.txt) ஒட்டிக்கொள்ளலாம். விண்டோஸ் அந்த வாலை மறைத்துவிடும், கண்ணுக்குச் சரியாகவே தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ'வில் கோப்பு வால்களைக் காட்டும் தேர்வைப் போட்டுவிட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு முழு ஞாயிறு இதில் போனது.

கோடோ பாதை என்பது ஃபோல்டரின் பாதை இல்லை. ஓட்டும் கோப்பின் பெயர்வரை முழுதாக வர வேண்டும்.

எல்லாம் மாற்றியபின் செயலியின் ஜன்னலை மூடித் திறந்தால் போதாது. அது மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சின்னத்தை வலது கிளிக் செய்து முழுமையாக நிறுத்திவிட்டுத் திறங்கள்.

விஎஸ் கோட் வழியாகப் போகிறவர்களுக்கு ஒன்று: கிளாட்டின் கோப்பில் தலைச்சொல் 'எம்சிபிசர்வர்ஸ்' என்றிருக்கும். விஎஸ் கோடில் அது வெறும் 'சர்வர்ஸ்'. துண்டை அப்படியே மாற்றி ஒட்டினால் வேலை செய்யாது.

இணைந்துவிட்டால் டெவலப்பர் பகுதியில் சர்வரின் பெயருக்குப் பக்கத்தில் ஓடுகிறது என்று காட்டும். இல்லையென்றால் அங்கேயே லாக் கோப்பு இருக்கிறது. அதன் கடைசிப் பத்து வரிகளைச் சாட்டில் ஒட்டிக் கேளுங்கள். பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடும்.

8. முதல் சோதனை

பெரிதாக எதுவும் கேட்காதீர்கள். "என் கணினியில் உள்ள கோடோவின் பதிப்பு என்ன?" என்று கேளுங்கள். பதில் எண்ணாக வந்தால் நடுச் சர்வர் கோடோவைக் கண்டுபிடித்துவிட்டது. அடுத்து ஒரு வெற்று ப்ராஜெக்ட்டின் பாதையைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். ஜன்னல் திறந்தால் இணைப்பு முடிந்தது.

ஒவ்வொரு செயலுக்கும் அனுமதி கேட்கும். ஒருமுறை மட்டும், எப்போதும் என்று இரண்டு தேர்வு வரும். வாசிக்கும் வேலைகளுக்கு 'எப்போதும்' கொடுக்கலாம். மாற்றும் வேலைகளுக்கு ஒருமுறை ஒருமுறையாகவே கொடுங்கள். அந்தச் சர்வர் உங்கள் பெயரில், உங்களுக்குள்ள எல்லா உரிமைகளோடும் ஓடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

9. எப்படிக் கேட்பது

உதவியாளர்கள் கோடோ 3-இன் பழைய நிரலையும் கோடோ 4-இன் புதியதையும் கலந்து தருவார்கள். நான்காம் பதிப்பில் நகரும் பாத்திரத்துக்கு 'கேரக்டர்பாடி2டி'. 'கினமேட்டிக்பாடி2டி' என்று வந்தால் பழசு. 'அவெய்ட்' வர வேண்டிய இடத்தில் 'யீல்ட்' வந்தாலும் பழசு. ஒவ்வொரு உரையாடலின் முதல் வரியிலும் உங்கள் பதிப்பு எண்ணைச் சொல்லிவிடுங்கள்.

கோடோ எடிட்டரில் ஒரு காட்சி திறந்திருக்கும்போது உதவியாளர் அதே காட்சியின் கோப்பை மாற்றினால், டிஸ்க்கிலிருந்து மறுபடி ஏற்றவா என்று எடிட்டர் கேட்கும். 'ரீலோட்' கொடுங்கள். பழக்கத்தில் சேமித்துவிட்டால் உதவியாளர் செய்ததெல்லாம் அழிந்துவிடும். பிறகு அது செய்துவிட்டேன் என்று சொல்லும், நீங்கள் இல்லை என்பீர்கள். மாற்றச் சொல்வதற்கு முன் அந்தக் காட்சியின் டேபை மூடிவிடுவது என் வழக்கம்.

ஒரு நேரத்தில் ஒரே வேலை. "பழம் தரையைத் தொட்டால் நின்றுவிட வேண்டும், வேறு எதையும் மாற்றாதே, செய்த பிறகு ஓட்டிப் பிழையைப் படி." இந்த அளவில் கேட்டால் நன்றாக வரும்.

10. தமிழ் எழுத்து

என்னைப்போல் தமிழில் கேம் செய்கிறவர்களுக்கு இது. கோடோ 3-இல் தமிழ் எழுத்து உடைந்து வரும். கோடோ 4 எழுத்துகளைச் சரியாகக் கோக்கிறது. ஆனால் எழுத்துருவை நாம்தான் கொடுக்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், அதை ப்ராஜெக்ட்டில் சேர்த்து லேபிள்களுக்கு வைத்துவிடுங்கள். சேர்க்காமல் விட்டால் உங்கள் கணினியில் தெரியும், பிரௌசரில் கட்டம் கட்டமாக வரும்.

அடுத்தது எழுத்தை எண்ணுவது. 'அம்மா' என்ற சொல்லுக்கு மூன்று பழம் வேண்டும். உதவியாளர் எழுதிய நிரல் ஐந்து பழம் போட்டது. புள்ளி ஒரு பழத்தில், கால் ஒரு பழத்தில். கணினிக்கு அது அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள். நிரலில் சொல்லின் நீளத்தை நேராகக் கேட்டால் ஐந்து என்றுதான் வரும். "புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் முன்னால் உள்ள எழுத்தோடு சேர்ந்தே ஓர் எழுத்து. அப்படிப் பிரிக்க ஒரு ஃபங்ஷன் எழுது. அம்மா 3, கொக்கு 3, பள்ளி 3 என்று சோதித்துக் காட்டு" என்று சொன்னேன். மூன்று சொல்லையும் ஓட்டி, முடிவைப் படித்துக் காட்டியது. இதற்குத்தான் இணைப்பு வேண்டும். வெறும் சாட்டாக இருந்திருந்தால் சரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கும், தவறை நான்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றும் விளைவு வைத்தாலும் இதே சிக்கல் வரும், கொம்பு தனியாகத் துள்ளி நிற்கும். லேபிளில் 'விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர்' என்ற அமைப்பு இருக்கிறது. அதில், கோத்து முடித்த பிறகு மறைக்கும் தேர்வை எடுங்கள்.

11. நேரக் கணக்கு

கணக்குகள் திறக்க டவுனில் அரை மணி. பதிவிறக்கம் உங்கள் இணையத்தைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று மணி. நிறுவலும் கிட்டும் ஒரு மணி. ஜேசன் கோப்புக்கு, மேலே சொன்ன குழிகளைத் தவிர்த்தால், அரை மணி. மாணவர் சலுகைக்குச் சில நாட்கள் ஆகலாம், அதை மட்டும் முந்தின வாரமே தொடங்கிவிடுங்கள். இலவசக் கணக்கின் வரம்பு வந்து காத்திருக்கும் நேரத்தில் படம் வரையுங்கள், ஒலி பதியுங்கள். எங்கள் கேமில் பழம் கூடையில் விழும் சத்தம் அப்படிக் காத்திருந்த ஒரு மாலையில் பதிந்ததுதான். டியூஷனுக்கு வந்த பிள்ளை ஒன்று தோட்டத்திலிருந்து கொண்டுவந்த உண்மையான உதிரிப் பழத்தை வாளியில் போட்டு, கைப்பேசியில் எடுத்தோம்.